கெசியா அத்தை ஆடாத ஆட்டம்

ஓட்வெல் ஊர் மன்றத்தில், தேநீர் அண்டா வைக்கும் மேசைக்கு மேலே, தீயணைக்கும் உருளைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு அடித்திருக்கிறது. அதில் இப்படிப் பொறித்திருக்கிறார்கள்:

'திருமதி ஹில்டா பக்லர். ஓட்வெல் கிராமிய நடனக் குழுவை, ஆடலின்மேல் கொண்ட அன்பு ஒன்றே காரணமாக நிறுவியவர். முன்னோரின் ஆட்டங்களை ஓர் அடிகூட மாறாமல் காத்தவர். தம் இடத்தைத் தோழிக்கு மனமுவந்து விட்டுக்கொடுத்தவர். பொறாமை அறியாத நெஞ்சம்.'

பெயரில் பிழை இல்லை. 'திருமதி' என்பதும் உண்மை. சொல்லப்போனால், மற்ற அத்தனை கூத்தும் அந்த ஒரு சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஹில்டாவுக்கு ஆடத் தெரியாது என்று சொன்னால் அது அநியாயம். தெரியும், பிடிக்காது. பகல் முழுவதும் தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் நின்று வீங்கிய கால்களை, மாலையில் வெந்நீரில் போடலாமே தவிர எதற்காகக் குதிக்க விட வேண்டும் என்பது அவள் கட்சி. கணவன் சிரில் எதிர்க்கட்சி. சைக்கிளும் தையல் மெஷினும் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். நெடுநெடுவென்று உயரம், அமைதியான முகம், அதில் சோடாப்புட்டி அடி போல ஒரு மூக்குக் கண்ணாடி. அவன் கால்கள் மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியவை போல, இசை கேட்டால் வேறு ஆளாகிவிடும்.

போர் முடிந்த அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் டார்செட் பக்கத்து ஊர்களில் மூன்று சரக்குக்குத் தட்டுப்பாடு. சர்க்கரை, வெண்ணெய், ஆடத் தெரிந்த ஆண்பிள்ளை. முதல் இரண்டுக்கும் ரேஷன் இருந்தது. மூன்றாவதற்கும் இருந்திருந்தால் ஹில்டா நிம்மதியாக இருந்திருப்பாள். தன் பங்கை வாங்கிப் பூட்டி வைத்திருப்பாள்.

சிரில் புதன்கிழமைதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் பிளாட்லிக்குப் போவான். அங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் கிராமிய நடனம் நடக்கும். ஹில்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பிளாட்லிக்காரி ஒருத்தி கவுண்டருக்கு வந்து தபால் தலை கேட்ட நாள் வரைக்கும். வந்தவள் தபால் தலையை வாங்கினோமா போனோமா என்று இல்லாமல், நாக்கால் அதை நனைத்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரரும் எங்க டீச்சரம்மாவும் எதிரெதிரே வந்துட்டாங்கன்னா, பாக்கறதுக்கு ரெண்டு கண்ணு பத்தாது, மிசஸ் பக்லர்."

ஹில்டாவுக்கு இருந்ததும் இரண்டு கண்தான். அவை பத்தவில்லை என்பதை அவள் அன்றைக்கு உணர்ந்தாள். டீச்சரம்மா என்றால் ரோஸமண்ட் வென். பாலர் பள்ளி ஆசிரியை. கல்யாணம் ஆகாதவள். நீளக் கழுத்து. கழுத்து நீளமாக இருப்பது ஒரு குற்றமா என்று கேட்டால் ஹில்டா தன் ஸ்கார்பைச் சரி செய்துகொள்வாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் விசாரணை நடந்தது.

"புதன்கெழம யாரோட ஆடுற?"

"எல்லாரோடயுந்தான்."

"எல்லாரும்னா?"

"வரிசைல வர்ற எல்லாரும். ஆட்டமே அப்படித்தானே, ஹில்?"

அவன் சொன்னது பொய்யில்லை, அதுதான் கோபம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர்வரிசை. ஒரு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியும் ஓரிடம் நகர்ந்து அடுத்த ஜோடியோடு ஆட வேண்டும். ஒருத்தியை ஜோடியாகப் பிடித்தால் ஊரில் உள்ள அத்தனை பெண்களும் ஒருவர்பின் ஒருவராக எதிரே வந்து நிற்பார்கள். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவனுக்குப் பெண்டாட்டி இருந்திருக்க முடியாது என்று ஹில்டா முடிவு செய்தாள்.

இன்னொன்றும் அவளை அரித்தது. ஆடப் போனால் சிரில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவான். ஒருமுறை அது தெறித்து விழுந்து, ஒரு பாதிரியாரின் தங்கை அதன்மேல் துள்ளிவிட்டாள், அதிலிருந்து இந்த வழக்கம் என்பான். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை ஹில்டா அவன் தூங்கும்போதுதான் பார்த்திருக்கிறாள். தனக்கென்று இருந்த அந்த ஒரு முகத்தையும் இவன் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறான் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ராணிக்கு முடிசூட்டிய வருஷம். ஊரே ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தது, என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஹில்டா மன்றத்தில் எழுந்து நின்று, நம் முன்னோர் ஆடிய ஆட்டம் நம் மண்ணிலேயே அழியலாமா என்று கேட்டாள். அழியலாம் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அடுத்த புதன்கிழமையே ஓட்வெல் கிராமிய நடனக் குழு பிறந்தது. ஏன் புதன்கிழமை என்று பாதிரியார் கேட்டார். முன்னோரும் புதன்கிழமையில்தான் ஆடியிருக்கிறார்கள் என்றாள் ஹில்டா.

பால்பண்ணைக்காரர் பெர்சி லஷ் கான்செர்ட்டினா என்ற கைத்துருத்திப் பெட்டியை இழுத்து இழுத்து வாசித்தார். ஆண்கள் குறைவு என்பதால் பாதிப் பெண்கள் இடுப்பில் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு ஆண் வரிசையில் நின்றார்கள். சிரிலுக்கு இனி சைக்கிள் மிதிக்கும் வேலை இல்லை. கண்ணாடியைக் கழற்றி மனைவியின் கைப்பையில் போட்டுவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே ஆடினான். ஹில்டா அந்த இலையுதிர்காலம் முழுவதும் சந்தோஷமாக இருந்தாள். அவள் வாழ்க்கையில் அப்படிப்பட்ட பருவங்கள் அதிகமில்லை.

ஆனால் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. நல்ல ஆட்டக்காரனை இழந்த பிளாட்லிக் குழு, பல் போன வாய் மாதிரி உள்ளே ஒடுங்கிவிட்டது. அவனுக்குப் பின்னாலேயே மற்ற ஆண்களும் இங்கே வந்தார்கள், ஓட்வெல் மன்றத்தில் நல்ல அடுப்பும் வழவழப்பான பலகைத் தரையும் இருந்ததால். குளிர்காலத்தின் நடுவே ஒரு புதன்கிழமை கதவு திறந்தது. செய்தித்தாளில் சுற்றிய ஆட்டக் காலணிகளோடு ரோஸமண்ட் வென் நின்றாள்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, மிசஸ் பக்லர். எங்க ஊர்ல திடீர்னு ஆளே இல்லாமப் போயிடுச்சு."

"எப்படிப் போச்சோ" என்றாள் ஹில்டா. வேலி போட்டவளே வெள்ளாட்டை உள்ளே வைத்து அடைத்திருந்தாள்.

கணவனோடு தானே ஜோடி சேர்ந்துவிடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அது முடியாது. முதல் ஆட்டத்துக்கு மட்டும் கணவன் மனைவி சேரலாம், அப்புறமும் சேர்ந்தால் கல்யாண விருந்துக்கு வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோன கதையாக ஊர் சிரிக்கும். ஆகவே ஹில்டா மேடை ஏறினாள். ஆட்டம் சொல்பவள் ஆனாள். மேடையில் நின்று, இப்போது கை கோத்துக்கொள்ளுங்கள், இப்போது இடம் மாறுங்கள், முதல் ஜோடி கீழே இறங்குங்கள் என்று சொல்லும் வேலை. ஆட வேண்டியதில்லை, வீங்கிய காலுக்கு நல்லது. எல்லாவற்றையும் விட, உயரத்திலிருந்து பார்க்கலாம். கண்கொத்திப் பாம்பு ஒன்றுக்கு இதைவிட நல்ல கிளை ஊரில் இல்லை.

எந்த ஆட்டம் ஆடுவது என்பதும் அவள் கையில்தான் இருந்தது. வேகமான ஆட்டங்களாகப் பார்த்துச் சொன்னாள். ஓட்டமும் துள்ளலுமாக மூச்சு வாங்கும்போது காதல் செய்ய எவராலும் முடியாது. ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் அவளால் ஒழிக்க முடியவில்லை. 'கேப்டனின் விடை.' பழைய ஆட்டம், மெல்லிய நடை, பிரிவைச் சொல்லி நெஞ்சைப் பிசைகிற மெட்டு. அது இல்லாமல் புதன்கிழமை முடிந்ததாக ஊர் ஒப்புக்கொள்ளாது, பெர்சி கேட்காமலே வாசிக்கத் தொடங்கிவிடுவார். அதில் ஓரிடம் வரும். முதல் ஜோடியின் ஆண், அடுத்த ஜோடியின் பெண்ணுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு வட்டம் சுற்றிவிட்டு, அவளை அவள் இடத்தில் விட வேண்டும்.

எல்லா ஆண்களும் எல்லாப் பெண்களையும் சுற்றினார்கள். ஆனால் சிரிலும் ரோஸமண்டும் சுற்றும்போது மட்டும் பெர்சி மெட்டை நீட்டி வாசிக்கிறார் என்று ஹில்டாவுக்குத் தோன்றியது. ஒருநாள் அதை அவரிடமே கேட்டாள். அவர் பெட்டியின் துருத்தியில் ஓட்டை இருக்கிறதா என்று பரிசோதித்தார்.

வசந்தம் வந்த பிறகு ஒரு புதன்கிழமை, கடைசி ஆட்டத்துக்கு வரிசை நின்றதும் ஹில்டா மேடையில் தொண்டையைச் செருமினாள். இத்தனை நாளாக நாம் ஒரு தவறு செய்துவந்திருக்கிறோம் என்றாள். 'கேப்டனின் விடை'யில் கை பிடிக்கக் கூடாது. ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் தொடாமல் சுற்றி வர வேண்டும். தன் கெசியா அத்தை அப்படித்தான் ஆடியிருக்கிறாள், அவள் சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னாள்.

பெர்சி கான்செர்ட்டினாவை மடியில் இறக்கினார்.

"கெசியாவா? ஆடினாங்களா?"

"ஆமா."

"நம்ம சேப்பலுக்கு வருவாங்களே, அந்தக் கெசியாவா?"

"எனக்கு வேற கெசியா அத்தை இல்ல, பெர்சி. நீங்க வாசிங்க."

பெர்சி வாசித்தார். மாடு கறக்கிறவர், எந்த மாட்டிடம் வாதாடக் கூடாது என்று தெரிந்தவர். கெசியா அத்தையோ, மே மாதக் கொண்டாட்டத்தில் சுற்றி ஆடுவதற்கு நட்ட கம்பத்தின் நிழல் தன் ஜன்னலில் விழுகிறது என்று அந்த மாதம் முழுவதும் திரையை இழுத்துவிட்டவள். சேப்பல் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகளின் முழங்காலில் பாட்டுப் புத்தகத்தால் தட்டியவள். ஆடல் என்பது நரகத்துக்குப் போகும் வழியில் குறுக்குப் பாதை என்பது அவள் கொள்கை. செத்துப்போனவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில் ஒரு வசதி, அவர்கள் குறுக்கு விசாரணைக்கு வர மாட்டார்கள்.

ஹில்டா கணக்குப் போட்டது ஒன்று. கை இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்பது அவள் கணக்கு. தன் சொந்த ஜனத்தைப் பற்றி அவளுக்கே தெரியாமல் போனது ஆச்சரியம்தான். இந்த ஊர்க்காரர்கள் கையைப் பிடித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். தோளுக்கு மேலே சுவரைப் பார்ப்பார்கள், மழை வருமா என்பார்கள், ஆட்டுக்குட்டிகள் எப்படி இருக்கின்றன என்பார்கள். கை என்பது அவர்களுக்குக் கேடயம். அதைப் பிடுங்கிவிட்டால் வட்டம் கெடாமல் சுற்றுவதற்கு ஒரே வழி, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சுற்றுவதுதான். வேறு பிடிமானம் கிடையாது.

முதல் சுற்றிலேயே மன்றத்தில் பேச்சு நின்றுபோயிற்று. காலணி பலகையில் உரசுகிற சத்தமும் பெர்சியின் மெட்டும் மட்டும்தான். பல வருஷமாகத் தினமும் ரொட்டி விற்றவர்களும் வாங்கியவர்களும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சுற்றினார்கள். பாதிரியாரின் மனைவி கர்ச்சீப்பைத் தேடினாள். ஹில்டா மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரில் ரோஸமண்டுக்கு எதிரே வந்தான். தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, இமைக்காமல், வேறு உலகமே இல்லாதவன் போல அவள் முகத்தில் கண்ணை ஊன்றி, வட்டம் முழுவதும் அப்படியே போய், அப்படியே திரும்பினான். அந்தப் பார்வையை ஹில்டா கல்யாணமான புதிதில்கூட வாங்கியதில்லை.

கையை எடுத்துவிட்டு அவர்களுக்குக் கண்ணைக் கொடுத்திருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இன்னொரு தரம் வேண்டும் என்றார்கள். இத்தனை காலமாக இது தெரியாமல் தப்பும் தவறுமாக ஆடியிருக்கிறோமே என்று பாதிரியார் வருத்தப்பட்டார். ஹில்டா வாபஸ் வாங்க நினைத்தாள், முடியவில்லை. வாபஸ் வாங்கினால் அத்தையைப் பொய்க்காரி ஆக்க வேண்டும், அல்லது தன்னை. இரண்டு பேரில் செத்தவள் அதற்கு உடன்பட்டிருக்க மாட்டாள், இருப்பவளும் உடன்படவில்லை. அடுத்தடுத்த புதன்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். 'ஓட்வெல் சுற்று' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஒரு காலை, சிரில் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே அத்தையைப் பாராட்டினான்.

"முன்னெல்லாம் கை வேர்த்துடும், ஹில். பாவம், பிடிக்கறவங்களுக்குத்தான் கஷ்டம்."

"இப்ப?"

"இப்ப வேர்க்கல."

இதில் ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறதா என்று ஹில்டா அந்த வாரம் முழுவதும் தேடினாள். பொறாமைக்காரிக்கு இல்லாத இடத்தில் தேடுவது சிரமம் இல்லை, இருக்க வேண்டிய இடத்தில் கிடைக்காததுதான் சிரமம். கடைசியில் ஒரு வழி தோன்றியது. ரோஸமண்டை வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். துரத்த முடியாது, ஊரில் அவளைப் பிடிக்காதவர்கள் தபால் ஆபீசில் மட்டும்தான் இருந்தார்கள். ஆனால் ஆட்டக்காரர்கள் வராத ஓரிடம் மன்றத்தில் உண்டு. மேடை. மேலே நிற்பவள் ஆட முடியாது.

மேடையை விடுவது அவளுக்கு லேசாக இல்லை. ஊரையே ஒரு சொல்லால் இடப்பக்கம் திருப்பி வலப்பக்கம் அனுப்புகிற பதவி. தபால் ஆபீசில்கூட அவ்வளவு அதிகாரம் கிடையாது. ஆனாலும் விட்டாள். தன்னைவிடத் தகுதியானவர் வந்திருக்கிறார், பள்ளிக்கூடக் குரல், இனி மிஸ் வென் ஆட்டம் சொல்வார் என்று அறிவித்தாள். மன்றம் எழுந்து நின்று கை தட்டியது. பாதிரியார் அடுத்த ஞாயிறு, தன்னலம் துறத்தல் என்பது பற்றிப் பிரசங்கம் செய்து, பார்வையை ஹில்டா உட்கார்ந்திருந்த மூன்றாவது பெஞ்சில் நிறுத்தினார். ரோஸமண்ட் அழுதுவிட்டாள். ஹில்டாவைக் கட்டிக்கொண்டாள்.

"சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன், ஹில்டா."

"மறந்தாலும் பரவாயில்ல."

அதையும் பணிவு என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஹில்டா வரிசையில் இறங்கினாள். சிரிலுக்கு ஜோடியாக அல்ல. ஜோடிக்காரி அவனைச் சுற்றுவதில்லை, அடுத்த ஜோடியின் பெண்தானே சுற்றுவாள். சொந்தக் கணவனின் கண்ணைப் பார்க்க வேண்டுமானால் இன்னொருவன் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நிற்க வேண்டும். அவள் ஆட்டுப்பண்ணை ஆம்புரோஸ் டஃபினைப் பிடித்தாள். அவர் மேல் ஆட்டு வாடை. பொறுத்துக்கொண்டாள். ரோஸமண்டின் குரல் மேடையிலிருந்து தெளிவாக, கூண்டைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள். ஓரிடம் ஓரிடமாக நகர்ந்து, கடைசியில் சிரிலுக்கு எதிரே வந்தாள்.

அவன் தலையை முன்னால் நீட்டினான். இமைக்கவில்லை. அதே பார்வை. இத்தனை நாள் மேடையில் நின்று பார்த்து வயிறெரிந்தது இப்போது தன் முகத்தின்மேல் விழுந்துகொண்டிருக்கிறது. பாதி வட்டம் போனார்கள். அவன் இன்னும் அருகில் குனிந்தான், அவள்மேல் ஒட்டியிருந்த ஆட்டு வாடை அவன் மூக்கில் ஏறியது.

"கொஞ்சம் வெளிய நகர்ந்துக்குங்க, மிசஸ் டஃபின். இடிச்சுக்கப் போறோம்."

"நான்தான்."

"யாரு?"

"ஹில்டா."

"ஹில்? நீயா? அப்ப மேல நின்னு கத்தறது யாரு?"

ஆட்டத்தைத் தவிர எதையும் காதில் வாங்காதவன், அறிவிப்பையும் பிரசங்கத்தையும் கேட்டிருக்கவில்லை, அவனுக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. குரல் மாறியதும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்து தேநீர் ஊற்றும்போது அவனை அண்டாவுக்குப் பின்னால் நிறுத்திக் கேட்டாள், உனக்கு எதிரே யார் வருகிறார்கள் என்றே தெரியாதா என்று.

"கண்ணாடி இல்லாம எனக்கு யாரைத் தெரியும், சொல்லு. பச்சை ரிப்பன் இருந்தா ஆம்பள, இல்லன்னா பொம்பள. கையைப் பிடிச்சாலாவது இத்தனை தூரம்னு தெரியும். உங்க அத்தை அதையும் பிடுங்கிட்டாங்க. உத்து உத்துப் பாத்துச் சுத்துறதுல கண்ணே வலிக்குது."

கைப்பையில் கண்ணாடி கனத்தது. ரோஸமண்ட் வென்னின் நீளக் கழுத்தை அவன் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை.

இத்தோடு அவள் பொறாமை தீர்ந்தது என்று முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் பொறாமை குடியிருக்கும் வீட்டை அவ்வளவு சுலபமாகக் காலி செய்வதில்லை, அறை மாற்றிக்கொள்ளும். சிரில் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டான். மேடைதான் போய்விட்டது. ரோஸமண்ட் பிறவியிலேயே அதற்கென்று வந்தவள் என்று ஊர் கண்டுகொண்டது. தப்பாக ஆடுகிறவனைப் பெயர் சொல்லாமல் திருத்துவாள், வெட்கப்படுகிறவளைச் சிரிக்க வைப்பாள். மற்ற மாவட்டங்களிலிருந்து அவளை ஆட்டம் சொல்ல அழைத்தார்கள். பிரிஸ்டலிலிருந்து ரேடியோக்காரர்கள் வந்தார்கள். போகிற இடமெல்லாம் அவள், இது எனக்கு ஹில்டா பக்லர் கொடுத்த இடம் என்று மறக்காமல் சொன்னாள். தனக்குரிய புகழைக்கூட அவள் வாயிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஹில்டாவைக் கொன்றது.

ஒவ்வொரு ஆண்டும் பிளம் பழுக்கும் பருவத்தில் ரோஸமண்ட் ஒரு ஜாடி ஜாம் கொண்டுவந்து கொடுப்பாள். அந்த ஜாமில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அது வேறு வருத்தம். சிரில் அதை வழித்துச் சாப்பிடுவான். ஜாடி காலியான பிறகுதான் ஹில்டா கழுவி, மூடியை ஒருதரம் முகர்ந்து பார்ப்பாள், கிராம்பு போட்டிருக்கிறாளா என்று.

சிரில் ஆடி ஆடியே கிழவனானான். கண்ணுக்கு வைத்தியம் செய்துகொள்ளச் சொன்னால் மறுத்துவிடுவான். அவன் மருத்துவமனையில் இறந்தபோது கண்ணாடி ஹில்டாவின் கைப்பையில் இருந்தது. வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, ஆட்டத்துக்குப் போகிறவன் போலக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அடக்கத்துக்கு வந்த ரோஸமண்ட் நிறைய அழுதாள். இவளுக்கு என்ன இவ்வளவு அழுகை என்று ஹில்டா, தன் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

குழுவுக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தபோது தகடு வைத்தார்கள். வாசகம் எழுதியது ரோஸமண்ட். திரையை விலக்கியதும் ஹில்டா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து இரண்டு தடவை படித்தாள். நன்றாக இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கேக் வெட்டிய பிறகு கடைசி ஆட்டம். ரோஸமண்டுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது, ஆட்டம் சொல்லும் வேலையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு வரிசையில் இறங்கினாள். ஆண்களுக்கு இப்போதும் தட்டுப்பாடுதான். தபால் ஆபீசை மூடிப் பல காலம் ஆகியும் ஹில்டாவின் கால் வீக்கம் வடியவில்லை, இருந்தும் பச்சை ரிப்பனைக் கட்டிக்கொண்டு ஆண் வரிசையில் நின்றாள். மெட்டு தொடங்கியது. வரிசை நகர்ந்தது. எதிரே ரோஸமண்ட் வந்தாள்.

தொடாமல் சுற்றினார்கள். ரோஸமண்டுக்குக் கண் நன்றாகத் தெரியும். அவள் பார்த்தது ஹில்டாவைத்தான், மிசஸ் டஃபினை அல்ல. வட்டத்தின் பாதியில், உதட்டை அசைக்காமல், பாலர் பள்ளியில் பழகிய குரலில் சொன்னாள்.

"கெசியா அத்தை ஆடவே மாட்டாங்க, ஹில்டா. எங்கம்மாவும் அதே சேப்பல்தான். என் முட்டிலயும் அடி விழுந்திருக்கு."

ஹில்டாவின் கால் தவறியது. சமாளித்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்கேதான்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எதுக்கு? உங்க வீட்டுக்காரர் கை ரொம்ப வேர்க்கும். எனக்கும் நிம்மதியாப் போச்சு."

"அப்ப தகட்டுல? பொறாமை அறியாத நெஞ்சம்னு?"

"பித்தளைல எழுதிட்டா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. எனக்கு மேடை கெடைச்சுது. உங்களுக்கு ஏதாவது தர வேண்டாமா?"

வட்டம் முடிந்தது. இருவரும் அவரவர் இடத்துக்குப் போக வேண்டும், போனார்கள். இந்த உலகத்தில் தனக்கு மட்டுமே சொந்தமாக ஒரு பொய் இருக்கிறது என்று ஹில்டா இத்தனை காலம் நினைத்திருந்தாள். அதிலும் இவளுக்குப் பங்கு. அதோடு, தன் பொய்யைவிட இவளுடைய பொய் மேல் தரம், பித்தளையில் வேறு இருக்கிறது. நீளக் கழுத்து வரிசையில் கீழே கீழே நகர்ந்து போவதை, ஹில்டா அடுத்த சுற்றைக்கூடக் கவனிக்காமல், வயிறெரியப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஆண்டு ஹில்டா போய்ச் சேர்ந்தாள். தகடு இருக்கிறது, வாரம் ஒருமுறை துடைக்கிறார்கள்.

ஹில்டா பக்லர், கணவனைத் தன் கண்ணெதிரில் வைத்துக்கொள்வதற்காக ஒரு நடனக் குழுவைத் தொடங்கினாள். அவன் கையை இன்னொருத்தி பிடிக்கக் கூடாது என்பதற்காக ஒரு பழைய ஆட்டத்தை மாற்றினாள். அந்த இன்னொருத்தியை அவன் பார்க்கக் கூடாது என்பதற்காக அவளை மேடையில் ஏற்றினாள். ஓட்வெல்லில் புதன்கிழமைதோறும் அந்த ஆட்டத்தை இன்றைக்கும் கை தொடாமல்தான் ஆடுகிறார்கள்.